உழைத்த தபால் தலையே உயர்ந்த தபால் தலை!

பசிபிக் கடலில் "துவாலு" என்று ஒரு குட்டி நாடு இருக்கிறது. மொத்தம் ஒன்பது தீவுகள். எல்லாத் தீவுகளையும் சேர்த்து அளந்தாலும் 26 சதுர கிலோ மீட்டர்தான். மக்கள் தொகை சுமார் 11 ஆயிரம்.

அங்கே தண்டவாளம் கிடையாது. ஸ்டேஷன் கிடையாது. ரெயில் ஓட்டுவதற்கு இடமும் கிடையாது!

ஆனால், அந்த நாட்டின் பெயரில் நீராவி ரெயில் என்ஜின் தபால் தலைகள் 1984-ம் ஆண்டு முதல் வரிசை வரிசையாக வெளிவந்தன. நாட்டின் பெயரில் மட்டும் அல்ல. அதன் தீவுகளின் பெயரிலும் தனித்தனியாக வெளிவந்தன.

ரெயிலையே பார்க்காத தீவுக்கு ரெயில் தபால் தலை எதற்கு?

அந்தத் தீவு மக்கள் கடிதம் எழுதுவதற்காக அவை அச்சிடப்படவில்லை. வெளிநாடுகளில் தபால் தலை சேர்ப்பவர்களுக்கு விற்பதற்காகவே அச்சிடப்பட்டன.

நம் ஊரில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோமே, "100 ரெயில் தபால் தலைகள்" என்று பளபளப்பான பாக்கெட்! அதற்குள் இருப்பவற்றில் பல, இந்த ஜாதியைச் சேர்ந்தவைதான்.

ரெயில் என்ஜின் தபால் தலைகளைச் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. பிள்ளைகளுக்குச் சரித்திரமும், பூகோளமும், விஞ்ஞானமும் ஒரு சேரச் சொல்லித்தரும் பொழுதுபோக்கு. அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், எதைச் சேர்ப்பது? விற்பதற்காகவே பிறந்த தபால் தலையையா? கடிதத்தைச் சுமந்து ஊர் ஊராக உழைத்த தபால் தலையையா?

உழைத்த தபால் தலையைத்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கூடப் பிறந்த இரட்டையர்

ரெயிலும் தபால் தலையும் கூடப் பிறந்த இரட்டையர் மாதிரி. ஒன்று இல்லாவிட்டால் மற்றது இவ்வளவு சீக்கிரம் வளர்ந்திருக்காது.

இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரெயில் ஓடத் தொடங்கியது 1830-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். இரண்டே மாதத்தில், நவம்பரிலேயே, அந்த ரெயிலில் தபால் மூட்டைகளை ஏற்றிவிட்டார்கள்! அதுவரை குதிரை வண்டியில் போன தபால், நீராவி என்ஜினின் வேகத்தில் போகத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் கடிதம் அனுப்புவது சாதாரண மக்களால் ஆகிற காரியம் அல்ல. எவ்வளவு தூரம், எத்தனை தாள் என்று கணக்குப் பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். பெரும்பாலும், கடிதத்தைப் பெறுகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும். பணம் இல்லாத ஏழை, வாசலுக்கு வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு ஏக்கத்தோடு நிற்பான்.

இந்த முறையை மாற்ற வேண்டும் என்று ரோலண்டு ஹில் என்ற அறிஞர் வாதாடினார். "அரை அவுன்ஸ் கடிதம் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே ஒரு பென்னிதான். அதையும் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கொடுத்துவிட வேண்டும்" என்பது அவருடைய திட்டம்.

பணம் கொடுத்ததற்கு அடையாளமாகக் கடிதத்தில் ஒட்டுவதற்கு ஒரு சின்னத் தாள் வேண்டும் அல்லவா? அதுதான் தபால் தலை! 1840-ம் ஆண்டு மே மாதம் உலகின் முதல் தபால் தலை வெளிவந்தது. கறுப்பு நிறம். விக்டோரியா மகாராணியின் படம். பெயர், "பென்னி பிளாக்."

விலை குறைந்ததும் கடிதங்கள் குவிந்தன. குவிந்த கடிதங்களைத் தூக்கிச் சுமக்க ரெயில் தயாராக இருந்தது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1852-ம் ஆண்டு கராச்சியில், சிந்து மாகாணத்துக்கு என்று தபால் தலை வெளியிட்டார்கள். ஆசியாவிலேயே முதல் தபால் தலை அது. அடுத்த ஆண்டே, 16-4-1853 அன்று பம்பாய் போரிபந்தரில் இருந்து தானாவுக்கு முதல் பயணிகள் ரெயில் புறப்பட்டது. 14 பெட்டிகள். 400 விருந்தாளிகள். 34 கிலோ மீட்டர் தூரம். சாகிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று என்ஜின்கள் சேர்ந்து இழுத்தன. வழியனுப்ப 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கின.

அதற்கு அடுத்த ஆண்டு, 1854-ல், இலேசான கடிதம் இந்தியாவில் எங்கே போனாலும் அரை அணாதான் என்ற சட்டம் வந்தது.

1852-ல் தபால் தலை. 1853-ல் ரெயில். 1854-ல் ஏழைக்கும் எட்டும் கட்டணம். மூன்றும் அடுத்தடுத்த ஆண்டுகள்!

ஆகவே, தபால் தலையில் ரெயில் என்ஜின் படம் போடுவது வெறும் அலங்காரம் அல்ல. தன்னைச் சுமந்து சென்ற அண்ணனின் படத்தைத் தம்பி மார்பில் குத்திக்கொள்வது போன்றது அது.

பதவியைப் பறித்த தபால் தலை

அரசாங்கத் தபால் தலைகளில், ரெயில் என்ஜின் படம் தாங்கிய முதல் தலை என்று சேகரிப்போர் கொண்டாடுவது எது தெரியுமா?

1860-ம் ஆண்டு நியூ பிரன்சுவிக் வெளியிட்ட 1 சென்ட் தபால் தலை. இன்று அது கனடாவின் ஒரு மாகாணம். அன்று பிரிட்டனின் ஆளுகையில் தனியாக இருந்தது.

அந்தத் தபால் தலைக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது.

அப்போது அங்கே தபால் இலாகாவின் தலைவராக இருந்தவர், சார்லஸ் கானல். புதிய தபால் தலைகளை அச்சிடும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1 சென்ட் தலைக்கு ரெயில் என்ஜின். இன்னொன்றுக்கு நீராவிக் கப்பல். மற்றொன்றுக்கு மகாராணி. 5 சென்ட் தலைக்கு யார் படம்?

தம்முடைய படத்தையே போட்டுவிட்டார் கானல்!

மகாராணி இருக்க வேண்டிய இடத்தில் அமைச்சரா என்று ஊரே கொதித்தது. அந்தத் தபால் தலையை வெளியிடக் கூடாது என்று தடுத்தார்கள். கானல் பதவியை விட்டு விலகினார்.

மனிதர் போய்விட்டார். ஆனால் அதே வரிசையில் வந்த ரெயில் என்ஜின் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் கடிதங்களின் மேல் ஏறி ஊர் ஊராக ஓடியது. அதிகாரத்துக்குப் போடும் படம் ஒரு நாளில் போய்விடும். உழைப்புக்குப் போடும் படம் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அமெரிக்கா 1869-ம் ஆண்டு 3 சென்ட் தலையில் ரெயில் என்ஜினைப் போட்டது. அதே ஆண்டு மே மாதம் 10-ந்தேதிதான், அமெரிக்காவின் கிழக்கில் இருந்தும் மேற்கில் இருந்தும் போடப்பட்ட ரெயில் பாதைகள் யூட்டா பகுதியில் ஒன்று சேர்ந்தன.

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாடு, 1871-ம் ஆண்டு 5 சென்டாவோ தபால் தலையில் என்ஜின் படத்தைப் பொறித்தது. லிமா நகருக்கும் கல்லாவோ துறைமுகத்துக்கும் ரெயில் ஓடத் தொடங்கி 20 ஆண்டு ஆனதை ஒட்டி வெளிவந்தது அது. ஒரு நிகழ்ச்சியின் நினைவாக வந்த தபால் தலைகளில் உலகிலேயே முதலாவது அதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

மூன்றையும் பாருங்கள். மூன்று இடத்திலும் ரெயில் ஓடியது. மூன்று தலைகளும் அந்த ஊர் மக்களின் கடிதங்களில் ஒட்டப்பட்டன. படமும் உண்மை, வேலையும் உண்மை.

நான்கு அணாவில் ஒரு ரெயில்

நம் நாட்டுத் தபால் தலைகளுக்கு வருவோம். வெளிநாட்டுப் பாக்கெட்டைத் தேடி ஓடும் பிள்ளைகள், நம் வீட்டுப் பொக்கிஷத்தைப் பார்ப்பதே இல்லை.

1937-ம் ஆண்டு, ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில், ஓர் அருமையான வரிசை வெளிவந்தது. தபால் எப்படிப் போகிறது என்பதையே அந்த வரிசை படமாகச் சொன்னது. இரண்டு அணாவில், காட்டு வழியே ஓடும் தபால் ஓட்டக்காரர். இரண்டரை அணாவில் மாட்டு வண்டி. மூன்று அணாவில் குதிரை வண்டி. அதற்கு மேல் ஒட்டகம். நான்கு அணாவில் மெயில் ரெயில். பிறகு கப்பல், லாரி, கடைசியில் ஆகாய விமானம்!

இந்த வரிசையைப் பிள்ளையின் முன்னால் பரப்பி வையுங்கள். மனிதனின் கால் தொடங்கி விமானத்தின் சிறகு வரை, தபாலின் சரித்திரம் முழுவதும் உள்ளங்கையில் வந்துவிடும். புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை, எட்டுச் சின்னத் தாள்கள் சொல்லிவிடும்.

1953-ம் ஆண்டு, நமது ரெயிலுக்கு நூறு வயது நிறைந்தது. அன்று வந்த இரண்டு அணா தபால் தலையில் இரண்டு என்ஜின்கள். ஒன்று 1853-ம் ஆண்டு என்ஜின். மற்றது 1953-ம் ஆண்டு என்ஜின். தாத்தாவும் பேரனும் பக்கத்தில் நிற்பது போல இருக்கும்.

1976-ம் ஆண்டு நான்கு என்ஜின்களுக்கு நான்கு தலைகள் வந்தன. அதில் 50 காசு தலையை மட்டும் கவனியுங்கள். அதில் இருப்பது, 1895-ம் ஆண்டு ஆஜ்மீர் பணிமனையில் செய்யப்பட்ட "எப்-734" என்ஜின். அதுவரை என்ஜின் எல்லாம் சீமையில் இருந்து கப்பலில் வந்து இறங்கின. முழுக்க முழுக்க இந்திய மண்ணில் கட்டப்பட்ட முதல் என்ஜின் இது. டெல்லி ரெயில் அருங்காட்சியகத்தில் இதை நேரிலும் பார்க்கலாம்.

ஒரு ரூபாய் தலையில், "டபிள்யூ. பி." என்ஜின். துப்பாக்கிக் குண்டு போன்ற கூர்மையான மூக்கு உடையது. நம் தாத்தா பாட்டிகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகும்போது, எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்த என்ஜின் இது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்த கதையை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்தத் தலையைக் காட்டினால், கதை தானாக வரும்.

1993-ம் ஆண்டு மலை ரெயில்களுக்கு ஒரு வரிசை. மாத்தேரான், டார்ஜிலிங், சிம்லா, நம்முடைய நீலகிரி.

நீலகிரி ரெயிலைப் பற்றித் தமிழ் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை 46 கிலோ மீட்டர். செங்குத்தான மலையில் சக்கரம் வழுக்காதா? வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் உள்ள இரும்புப் பட்டையைப் பதித்திருக்கிறார்கள். என்ஜினில் உள்ள பல் சக்கரம் அந்தப் பட்டையைக் கடித்துக் கடித்து மேலே ஏறும்! மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை இதை இழுப்பது நீராவி என்ஜின். இவற்றில் பல சுவிட்சர்லாந்து நாட்டில் இருந்து வந்தன. பிறகு, நம் திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்களே புதிய என்ஜின்களைக் கட்டிக் கொடுத்தார்கள். 2005-ம் ஆண்டு இந்த ரெயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது.

ஒரு தபால் தலையில் இருந்து எவ்வளவு விஷயம் கிளம்புகிறது, பார்த்தீர்களா?

தலைகீழ் ரெயில்

துவாலு தபால் தலைக்கும் இவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். "படம் படம்தானே? அதுவும் பார்க்க அழகாக இருக்கிறதே!" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. அந்தத் தலைகள் அழகானவைதான். இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றில் என்ஜினின் அமைப்பை விளக்கும் படம். மற்றதில் அதே என்ஜின் ஓடும் காட்சி. என்ஜினின் பெயர், ஆண்டு எல்லாம் இருக்கும். என்ஜின்களை அடையாளம் கண்டுகொள்ள ஒரு சின்னப் படப் புத்தகம் போல உதவும். அதை நான் மறுக்கவில்லை.

படப் புத்தகம் என்று சொல்லிக் கொடுங்கள். தவறில்லை. ஆனால், "இதோ, தூர தேசத்தில் இருந்து வந்த தபால் தலை" என்று சொல்லிக் கொடுத்தால் அது பொய். அது எந்தத் தபால் பெட்டியிலும் விழுந்தது இல்லை. எந்த ரெயிலிலும் ஏறியது இல்லை. அச்சகத்தில் இருந்து நேராக வியாபாரியிடம் போய், அங்கே இருந்து நம் வீட்டுக்கு வந்த காகிதம் அது.

இந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன்.

1901-ம் ஆண்டு அமெரிக்கா, 2 சென்ட் தலையில் எக்ஸ்பிரஸ் ரெயில் படத்தை அச்சிட்டது. இரண்டு நிறம் என்பதால், தாளை இரண்டு முறை எந்திரத்தில் விட வேண்டும். சில தாள்களை யாரோ தலைகீழாக விட்டுவிட்டார்கள். ரெயில், சக்கரம் மேலே, கூரை கீழே என்று ஓடியது! தெரியாமல் நடந்த தவறு. அந்தத் தாள்களில் மிகச் சிலவே மிஞ்சின. அதனால், சேகரிப்போர் அதற்கு உயிரை விடுகிறார்கள்.

இதைப் பார்த்த பிற்கால வியாபாரிகள் என்ன செய்தார்கள்? வேண்டும் என்றே தவறாக அச்சிட்டார்கள்! நிறத்தை விட்டுவிட்டு அச்சிட்டார்கள். படத்தைத் தலைகீழாக்கினார்கள். "அபூர்வம், அபூர்வம்" என்று கூவி விற்றார்கள்.

தெரியாமல் செய்த தவறுக்கு மதிப்பு உண்டு. தெரிந்தே செய்த தவறுக்கு ஏது மதிப்பு?

அசலை எப்படி அறிவது?

பிள்ளைகளே சோதித்துப் பார்க்கலாம். கஷ்டம் ஒன்றும் இல்லை.

தபால் தலையில் முத்திரை குத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பின்புறத்தைத் திருப்புங்கள். முத்திரையும் இருக்கிறது, பின்னால் கோந்தும் அப்படியே இருக்கிறது என்றால், அது கடிதத்தில் ஒட்டப்படவே இல்லை என்று பொருள். விற்பனைக்காக முழுத் தாளாக வைத்து முத்திரை குத்தி இருக்கிறார்கள்.

அத்தகைய முத்திரை, தலையின் மூலையில் கால் வட்டமாக, அளந்து வைத்தது போல அழகாக விழுந்திருக்கும். எல்லாத் தலையிலும் ஒரே இடத்தில் இருக்கும்.

உண்மையான தபால் முத்திரை அப்படி இருக்காது. வேலை மும்முரத்தில் தபால் ஆபீஸ் ஊழியர் "டக் டக்" என்று குத்தியது. சாய்ந்திருக்கும். பாதி மறைந்திருக்கும். மை வழிந்திருக்கும். உழைப்பாளியின் கையில் உள்ள காய்ப்பு மாதிரி அது. அதைக் குறை என்று ஒதுக்காதீர்கள். அதுதான் பெருமை!

என்ஜின் இல்லாத ரெயில் தபால் தலை

இங்கே ஒரு ரகசியம் சொல்கிறேன். ரெயில் தபால் தலை சேர்ப்பதற்கு, அதில் ரெயில் படம் இருந்தே ஆக வேண்டும் என்பது இல்லை!

இங்கிலாந்தில் 1838-ம் ஆண்டே, ஓடும் ரெயிலில் கடிதங்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கினார்கள். ரெயில் நிற்காமலேயே, பாதை ஓரத்தில் கம்பத்தில் தொங்கும் தபால் பைகளை வலையால் வாரிக்கொண்டு பறக்கும். 1988-ம் ஆண்டு பிரிட்டன் வெளியிட்ட ஒரு தபால் தலையில், இந்தப் பைகள் தொங்குவதைப் பார்க்கலாம். கூடவே இருப்பது "மல்லார்டு" என்ஜின். 1938-ம் ஆண்டு மணிக்கு 203 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடி, நீராவி என்ஜின்களில் உலக சாதனை படைத்தது அதுதான்.

நம் நாட்டில் 1863-ம் ஆண்டு அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே, ஓடும் ரெயிலில் தபால் பிரிக்கும் வேலை தொடங்கியது. பிறகு நாடெங்கும் பரவியது. அதற்குத்தான் "ஆர். எம். எஸ்." என்று பெயர்.

வண்டி குலுங்கக் குலுங்க, இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டு, ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் போட்டார்கள் அந்த ஊழியர்கள். கடைசி நேரத்தில் கடிதம் எழுதியவர்கள் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். கூடுதல் கட்டணத்துக்குத் தபால் தலை ஒட்டி, தபால் பெட்டி உள்ள ரெயில் வண்டியிலேயே போட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்புவார்கள். இன்றும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தக் கடிதங்களில் "ஆர். எம். எஸ்." முத்திரை இருக்கும். தலையில் என்ன படம் இருந்தால் என்ன? அசோகத் தூணாக இருக்கட்டும். காந்தியடிகளாக இருக்கட்டும். அது ரெயிலில் ஏறிய தபால் தலை! கரிப் புகையை முகர்ந்த தபால் தலை!

துவாலு தலையில் என்ஜின் இருக்கிறது. ரெயில் பயணம் இல்லை. இதில் என்ஜின் இல்லை. ரெயில் பயணம் இருக்கிறது. எது உயர்ந்தது? நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பொக்கிஷம் எங்கே கிடைக்கும்? கடையில் தேட வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் தேடுங்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். தாத்தா வேலை பார்த்த ஊரில் இருந்து எழுதிய கடிதம் இருக்கும். கிடைத்தால், தயவு செய்து தபால் தலையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். உறையோடு வையுங்கள். முத்திரை, தேதி, ஊர், கையெழுத்து எல்லாம் சேர்ந்ததுதான் சரித்திரம்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

தபால் தலை சேர்க்கும் பிள்ளையைப் பெற்றவர்களில் இரண்டு வகை உண்டு.

ஒரு வகையினர், "படிக்கிற வேளையில் குப்பையைப் பொறுக்காதே!" என்று ஆல்பத்தைத் தூக்கி எறிகிறவர்கள்.

இன்னொரு வகையினர், "இது பிற்காலத்தில் லட்ச ரூபாய்க்குப் போகுமா?" என்று கேட்கிறவர்கள்.

இரண்டு பேரும் பிள்ளையின் ஆசையைக் கெடுக்கிறார்கள். இரண்டாவது வகையினர் அதிகமாகக் கெடுக்கிறார்கள் என்பேன்!

பழையது என்பதால் மட்டும் தபால் தலைக்கு விலை ஏறாது. உலகின் முதல் தபால் தலையான பென்னி பிளாக்கையே 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல் அச்சிட்டார்கள். உலகிலேயே முதலாவது அது; ஆனால், உலகிலேயே அபூர்வமானது அது அல்ல. விற்பதற்காகவே லட்சக்கணக்கில் அச்சிட்ட தலைகள் எப்படி அபூர்வம் ஆகும்? "இப்போது வாங்கி வையுங்கள், பத்து வருடத்தில் பத்து மடங்கு" என்று யாராவது சொன்னால், அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "அப்படியானால், நீங்கள் ஏன் விற்கிறீர்கள்?"

இது பணம் சேர்க்கும் தொழில் அல்ல. அறிவு சேர்க்கும் பழக்கம். பத்து வயதுப் பிள்ளை, ஒரு தபால் தலையை வைத்துக்கொண்டு "பெரு எங்கே இருக்கிறது?" என்று உலகப் படத்தில் தேடுகிறானே, அந்தத் தேடல்தான் லாபம். ஆஜ்மீர் என்ஜினைப் பற்றிப் பெண் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று சொல்கிறாளே, அதுதான் வட்டி.

செலவும் அதிகம் இல்லை. தபால் தலைகள் செருகி வைக்கும் ஆல்பம் ஒன்று. நுனி மழுங்கிய சின்ன இடுக்கி ஒன்று. கையால் தொட்டால் வியர்வை பட்டுக் கறை விழும். காகிதத்தில் ஒட்டிய தலையை உரிக்கக் கூடாது. குளிர்ந்த நீரிலோ, வெதுவெதுப்பான நீரிலோ போட்டால், கோந்து இளகித் தானாகக் கழன்று வரும். மை உறிஞ்சும் தாளில் நிழலில் உலர்த்த வேண்டும். பசையும், ஒட்டும் நாடாவும் தபால் தலைக்குப் பரம எதிரிகள்.

ஆல்பத்தில், ஒவ்வொரு தலையின் கீழும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். எந்த நாடு? எந்த ஆண்டு? அந்த என்ஜின் எங்கே ஓடியது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத தலை எது என்று பிள்ளையே கண்டுபிடித்து விடுவான். அப்போது துவாலுவின் கதையைச் சொல்லுங்கள்.

தபால் இலாகாவும் உதவுகிறது. தபால் தலை சேர்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2017-ம் ஆண்டு "தீன் தயாள் ஸ்பர்ஷ்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. 6-ம் வகுப்பு முதல் 9-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவ-மாணவிகளில், தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.6 ஆயிரம் உதவித்தொகை என்று அறிவித்தார்கள். இந்த ஆண்டு விண்ணப்பம் எப்போது, விதிகள் என்ன என்பதைப் பக்கத்தில் உள்ள தலைமைத் தபால் ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது

கடைசியாக ஒரு கவலை.

சித்தரஞ்சன் தொழிற்சாலையில், 1950 முதல் 1972 வரை 2,351 நீராவி என்ஜின்கள் கட்டினார்கள். அகலப் பாதைக்குக் கடைசியாகக் கட்டிய என்ஜினுக்கு "அந்திம் சிதாரா" என்று பெயர் வைத்தார்கள். "கடைசி நட்சத்திரம்" என்று பொருள். அது 1970-ம் ஆண்டு. தினசரி ரெயில்களில் இருந்து நீராவி என்ஜின்கள், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் விடைபெற்றுவிட்டன. மலை ரெயில் போன்ற சில இடங்களில்தான் இன்று புகை விடுகின்றன.

அண்ணன் போய்விட்டான். தம்பியும் போய்க்கொண்டு இருக்கிறான். தபால் ஆபீசில் கடிதம் கொடுத்தால், எந்திரத்தில் அச்சிட்ட சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். தபால் தலை ஒட்டும் வேலையே குறைந்துவிட்டது. கடிதம் எழுதுவதே அதைவிடக் குறைந்துவிட்டது.

உழைத்த தபால் தலை வேண்டும் என்றால், அதற்கு உழைப்பை நாம்தானே கொடுக்க வேண்டும்?

ஆகவே, பாக்கெட் வாங்கும் காசில் பாதியை எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தபால் ஆபீசுக்கு அழைத்துப் போங்கள். படம் போட்ட நல்ல தபால் தலைகளாகக் கேட்டு வாங்குங்கள். வெளியூரில் இருக்கும் தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். தலையைப் பிள்ளையே ஒட்டட்டும். முத்திரை நன்றாக விழும்படி குத்தச் சொல்லிக் கேளுங்கள். "உறையைக் கிழித்துவிடாமல் பத்திரமாக வையுங்கள் தாத்தா" என்று கடிதத்தின் அடியில் எழுதட்டும்.

அந்தத் தலையில் எந்தப் படமும் இருக்கட்டும். அது எழுதிய கையையும், பிரித்த கையையும் சேர்த்து வைத்திருக்கும். நூறு பளபளப்பான பாக்கெட்டுகளில் அது கிடைக்காது!